ஆணோட வாழாத பொம்பளைக்கும் பெப் டெஸ்ட் வேணுமா? மலையகத்துல எப்படி எடுக்கிறது?

தேயிலைப்பூ

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களுக்குக் கொடுக்க ஒரு கைப்பிரசுரம் தயாராகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கழுத்திலிருந்து செல் எடுத்துப் பார்க்கிற பெப் பரிசோதனை இரண்டையும் பற்றி, தமிழில், நாலு பக்கம். மற்றதெல்லாம் எழுதியாச்சு. ஒரு பக்கம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்கள் கேட்கிற கேள்விகளுக்கான பக்கம் அது. அவர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை, துண்டுச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். வந்த கேள்விகள் இவை:

ஆணோடு ஒரு நாளும் உறவு இல்லை, ஒரு பெண்ணோடு பல வருடமாக வாழ்கிறேன், வயது 37. எனக்கு இந்த நோய் வராதுதானே?

மிட்வைஃப் மிஸ் லயத்துக்கு வந்து எல்லாரையும் கிளினிக்குக்குக் கூப்பிடுகிறார், கல்யாணம் கட்டாத என்னை மட்டும் கூப்பிடுவதில்லை. ஏன்?

கிளினிக்கில் "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் "அப்போ இது உங்களுக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். நான் எப்படிப்பட்டவள் என்பதை அங்கே சொல்லித்தான் ஆகணுமா?

கட்டிக்கொடுத்தார்கள், பிள்ளை இரண்டு, கருத்தடை ஆபரேஷனும் செய்தாச்சு. புருஷனை விட்டுப் பத்து வருடம், இப்போது ஒரு தோழியோடு இருக்கிறேன். இன்னமும் டெஸ்ட் வேணுமா?

பிரசுரத்தில் பொய்த் தைரியமும் கூடாது, வீண் பயமும் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கண்ணாடித்தகடு

முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் நான் சொல்கிறேன். செல்லை நுண்நோக்கியில் பார்க்கிற சைட்டோலொஜி ஆய்வுகூடப் பக்கம் என் துறை.

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். இந்த வைரஸ் பரவுவதற்கு ஆணின் விந்து தேவையில்லை. பிறப்புறுப்புப் பகுதியின் தோலும் சவ்வும் உரசினால் போதும். விரல் வழியாகப் போகலாம், இருவர் பங்கிட்டுப் பாவிக்கும் பொருள் வழியாகவும் போகலாம். ஆணோடு ஒரு நாளும் உறவில்லாத பெண்களிடமும் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, புற்றுநோய்க்கு முந்திய செல் மாற்றமும் கண்டிருக்கிறார்கள். ஆகவே 37 வயதுச் சகோதரிக்கு நேரான பதில்: வரலாம், பரிசோதனை வேண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தோழியைச் சந்தேகப்பட வேண்டாம். தொற்று வந்தவர்களில் பெரும்பாலானோரிடம் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிட்டால் செல் மாறி, அது புற்றுநோயாக வளர 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காதவருக்கு 5 முதல் 10 வருடத்தில் நடந்துவிடலாம். எடுத்த செல்லைப் பூசிப் பார்க்கிற கண்ணாடித் தகட்டில் இன்றைக்குத் தெரிகிற மாற்றத்துக்கான தொற்று எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது.

கடைசிக் கேள்வி கேட்டவருக்கு: கருத்தடை ஆபரேஷனில் குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள் அல்லது வெட்டுகிறார்கள். கருப்பைக் கழுத்து இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை செய்த பெண்கள் நிறையப் பேர். "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இனி கீழ ஒன்னும் பாக்கத் தேவையில்ல" என்ற பேச்சும் அதே அளவுக்கு இருக்கிறது. அதைப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் மறுத்து எழுதுங்கள். கட்டி நீக்குவதற்காகக் கருப்பையை எடுத்தவர்கள், கழுத்தையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் கார்டைக் காட்டிக் கேட்க வேண்டும். கழுத்து மிச்சமிருந்தால் பரிசோதனையும் மிச்சமிருக்கிறது.

புருஷனை விட்டுப் பத்து வருடம் ஆனதால் கணக்கு பூச்சியமாகாது. மேலே சொன்ன 15, 20 வருடத்தை நினைத்துப் பாருங்கள்.

யாரோடும் எந்தவித உடலுறவுத் தொடர்பும் இல்லாதவருக்கு மட்டும் ஆபத்து மிக மிகக் குறைவு. அவர் வேண்டாம் என்று தீர்மானித்தால் அது நியாயமான தீர்மானம்தான்.

மேட்டுலயம்

மிட்வைஃப் கூப்பிடாத விசயத்துக்கு நான் சொல்றேன். அந்த மிஸ் மேல கோவப்படுறதுக்கு முன்னாடி அவங்க கையில இருக்குற கொப்பியப் பாக்கணும்.

அவங்க வேலை செய்யுறது தகுதியுள்ள குடும்பப் பதிவேட்ட வச்சி. அதுல ஏறுறது யாருன்னா, 15லருந்து 49 வயசுக்குள்ள பொம்பள இருக்குற, கட்டுன அல்லது சேந்து வாழுற சோடி. தனியா இருக்குற பொம்பளைன்னா, கர்ப்பமா இருக்கணும், இல்லாட்டி சின்னப் புள்ள இருக்கணும். ரெண்டு பொம்பளைங்க ஒரே காம்பராவுல இருபது வருசம் வாழ்ந்தாலும் அந்தக் கொப்பியில அவங்க சோடி இல்ல. அக்கா தங்கச்சி, இல்ல கூட்டாளின்னு எழுதிட்டுப் போயிருவாங்க. தாய் சேய் சேவைக்குன்னு உண்டாக்குன பதிவேடு அது. அதையே வச்சி பெப் டெஸ்டுக்கு 35 வயசுக்காரங்களத் தேடுனா கட்டாதவங்க விடுபட்டுத்தான் போவாங்க. புருஷன விட்டவங்களும் புருஷன் செத்தவங்களும் கூட மெதுவா நழுவிப் போறது இப்படித்தான். இதுதான் பெரிய அநியாயம். யாரும் வேணும்னு செய்யல, ஆனா விடுபட்ட பொம்பளைக்கு வர்ற நோய் ஒன்னுதான்.

அதனால கூப்பிடட்டும்னு காத்திருக்க வேணாம். பொம்பளைங்க சுகம் பாக்குற அரசாங்க வெல் வுமன் கிளினிக்குக்கு நாமளே நடந்து போகலாம், டொக்டர் துண்டு தேவையில்ல, காசும் இல்ல. 1996லருந்து நாடு முழுக்க எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவு பிரிவா நடக்குது. போர்டுல சிங்களத்துல "சுவ நாரீ சாயனய"ன்னு போட்டிருக்கும். 35 வயசுல ஒரு தடவ, 45 வயசுல ஒரு தடவ பெப் டெஸ்ட். 37, 41ன்னு நடுவுல இருந்தா "35 தாண்டியிருச்சு, இது வரைக்கும் எடுத்ததில்ல"ன்னு சொல்லுங்க.

கிளினிக் எல்லா நாளும் இருக்காது, கிழமையில இல்ல மாசத்துல குறிச்ச நாள்தான். எம்.ஓ.எச். ஆபிசுக்கு முதல்ல போன் பண்ணி மூணு விசயம் கேளுங்க: எந்த நாள், எத்தன மணி வரைக்கும் வரிசை நம்பர் குடுப்பாங்க, பெப் எடுக்குற சிஸ்டர் அன்னைக்கு இருப்பாங்களா. மூணாவதக் கேக்காமப் போனா பிரசர் மட்டும் பாத்து அனுப்பிருவாங்க, அரைப்பேரும் (அரைநாள் சம்பளம்) போயிரும், பஸ் காசும் போயிரும்.

மாசக் கணக்கும் பாருங்க. தீட்டு வந்த முத நாள ஒன்னுன்னு எண்ணி 10லருந்து 20 வரைக்கும் நல்ல நாள். ரத்தம் ஓடுற நாள்ல எடுத்தா தகடு பழுதாயிரும். ரெண்டு நாளைக்கு முன்னாடிலருந்து உள்ளுக்கு மருந்து வைக்கக் கூடாது, உள்ள தண்ணி விட்டுக் கழுவக் கூடாது, உறவும் வேணாம். பொம்பளையோட உறவுன்னாலும் இதே கணக்குத்தான்.

இன்னொரு நல்ல விசயம். அதே கிளினிக்குல பிரசர், சீனி, மார்பு எல்லாம் பாக்குறாங்க. "எங்க போற?"ன்னு லயத்துல கேட்டா "பிரசர் பாக்க"ன்னு சொல்லிட்டுப் போகலாம். அது பொய்யும் இல்ல.

ஊவாக்காற்று

"சொல்லித்தான் ஆகணுமா?" என்ற கேள்விக்கு மட்டும்: தேவையில்லை. டெஸ்ட் எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது வயது, கடைசியாகத் தீட்டு வந்த நாள், உறவு இருந்திருக்கிறதா, இரத்தக் கசிவு உண்டா, முன்பு டெஸ்ட் எடுத்ததா, இவ்வளவே. உறவு யாரோடு என்பதால் செல் எடுக்கிற கருவி போகும் வழி மாறுவதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் ஊரில் "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்வியே "உறவு இருந்திருக்கா?" என்பதற்குப் பதிலாகக் கேட்கப்படுகிறது. கேட்பவருக்கு வாய் கூசுகிறது. அதனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன கையோடு, கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்:

"கட்டல்ல. ஆனா உறவு இருந்திருக்கு. 35 தாண்டியிருச்சு. பெப் டெஸ்ட் எடுக்கணும்."

நாலு சின்ன வசனம். ஆண் பெண் என்ற சொல்லே இதில் இல்லை. உறவு இருந்தது என்றதும் மறுப்பதற்கான மருத்துவக் காரணம் போய்விடுகிறது. சிங்களம் மட்டும் பேசுகிறவர் இருந்தால் இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகலாம்:

"பெந்தலா நே. ஏத் சம்பந்தகம் திபிலா தியெனவா. வயச திஸ்பஹ பென்னா. பெப் டெஸ்ட் எக்க கரகன்ன ஓன."

அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் "என்ன குடும்பக் கட்டுப்பாடு?" என்று இருக்கும். "ஒன்னும் பாவிக்கல, தேவையில்ல" என்றால் போதும். விளக்கம் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பயம் ஏன் இருக்கிறது என்பதையும் பிரசுரத்தில் மறைக்க வேண்டாம். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கப் பாவிக்கப்படுகிற, 1883ஆம் வருடத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களைத்தான் சொன்னது. 1995இல் செய்த திருத்தத்தில் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆள்" என்று போட்டார்கள், அதோடு பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் றொசானா பிளேமர் கல்தேரா கொண்டுபோன வழக்கில், இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று 2022இல் முடிவு சொன்னது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் அறிவித்தது. அறிவித்ததோடு சட்டம் மாறிவிடவில்லை, பாராளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றினால்தான் மாறும். இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம், ஒரு பெண் கிளினிக் மேசைக்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது அறியாமையால் அல்ல என்பது பிரசுரம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எம்.ஓ.எச். பக்கம் போகவே முடியாது, எல்லாரும் தெரிந்தவர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள அரசாங்க எஸ்.டி.டி. (பாலியல் நோய்) கிளினிக். அங்கே வருகிறவர்களைப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். கட்டியவரா என்று பார்த்து வாசலில் நிறுத்துவதும் இல்லை. பெப் பரிசோதனையும் அங்கே எடுக்கிறார்கள், இலவசம். அந்த வாசலுக்கு ஊரில் இருக்கிற பேர் காரணமாகத்தான் பெண்கள் தயங்குகிறார்கள். ஆனால் உறவு பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும் என்றால், அதைக் கேட்டுப் பழகியவர்கள் இருக்கிற இடம் அது.

ராகலைப்பொண்ணு

கன்னிச் சவ்வு கிழிஞ்சிரும்னுதான் கட்டாத புள்ளைங்களுக்குச் செய்ய மாட்டேங்குறாங்க. அதுக்கு என்ன சொல்றது? உள்ள ஒன்னுமே போகாத உறவுதான்னு சொல்ற பொம்பளைங்க இருக்காங்க. அவங்களுக்கு அந்த இரும்புக் கருவி நோகாதா?

மேட்டுலயம்

நோகலாம் தங்கச்சி, அத மறைக்கக் கூடாது. ஆனா நோவக் குறைக்க வழி இருக்கு.

சவ்வுங்குறது மூடுன கதவு இல்ல. வாசலச் சுத்தி இருக்குற மெல்லிசான, நெகிழ்ற விளிம்பு. இல்லாட்டி மாசா மாசம் தீட்டு எப்படி வெளிய வரும்? நீ சொன்ன அந்தக் கருவிக்குப் பேரு ஸ்பெகுலம், சின்னதா வச்சா அனேகம் பேருக்கு ஒன்னும் ஆகாது, சிலருக்கு லேசா உரசி ஒரு பொட்டு ரத்தம் வரலாம். 35 வயசு மனுசிக்கு எது முக்கியம்னு அவளேதான் முடிவு பண்ணணும், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்க இல்ல.

செய்ய வேண்டியது இது. ஏறிப் படுக்கிறதுக்கு முன்னாடி ஒன்னுக்குப் போயிட்டு வாங்க. முதத் தடவன்னு சொல்லுங்க, சின்ன சைஸ் கேளுங்க. சிங்களத்துல "பொடி எக்கக் பாவிச்சி கரன்ன புளுவன்த?" இரும்பா இருந்தா வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சி எடுக்கச் சொல்லுங்க, மலைக் குளிருல அது ஐஸ் மாதிரி இருக்கும், பட்டதும் உடம்பு இறுகிரும். ரெண்டு கையையும் முட்டியா மடிச்சி இடுப்புக்கு அடியில வைங்க, இடுப்பு ஒசந்தா கழுத்து சீக்கிரம் கண்ணுக்குப் படும். உள்ள வைக்கும்போது மூச்ச மெதுவா வெளிய ஊதுங்க. சில சிஸ்டர்மார் நம்ம கையாலேயே உள்ள வைக்க விடுவாங்க, கேட்டுப் பாருங்க. நோவு தாங்கலன்னா "ரிதெனவா, நவத்தன்ன". சொன்னா நிப்பாட்டணும், அது நம்ம உரிமை. எடுக்கிற நேரம் ரெண்டு மூணு நிமிசத்துக்கு மேல போகாது.

ஜெல் பூசச் சொல்லிக் கேக்காதீங்க, தகட்டுல பூசுறது கெட்டுப் போகும்.

கண்ணாடித்தகடு

கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம், மேட்டுலயம் அக்கா. தண்ணீரில் கரையும் ஜெல், மெல்லிசாக, ஸ்பெகுலத்தின் வெளிப்புறத்தில் மட்டும் பூசினால் பிரச்சினை இல்லை. நுனியில் படக் கூடாது. நுனியில் பட்ட ஜெல் கழுத்தில் ஒட்டி, தகட்டில் செல்லை மூடிவிடுகிறது, அதுதான் பயம். முதல் தடவை வருகிற, உள்ளே எதுவும் பழகாத பெண்ணுக்கு அந்த ஒரு துளி ஜெல் பெரிய உதவி.

தகடு எப்படிப் பழுதாகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து கஷ்டப்பட்டு வந்த ஒருவருக்கு "திருப்தியற்ற மாதிரி, மீண்டும் எடுக்கவும்" என்று பதில் போனால் அவர் திரும்ப வருவது அரிது. அதுவும் மேசையில் ஏறவே இத்தனை தயங்கியவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

மரக் கரண்டியைக் கழுத்தின் வாயில் வைத்து ஒரு முழு வட்டம், 360 பாகை சுற்ற வேண்டும். அரை வட்டத்தோடு நிறுத்தினால் மாற்றம் உள்ள பக்கம் தவறிப்போகலாம். எடுத்ததைத் தகட்டில் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பரப்பி, ஈரம் காயும் முன், அந்த நொடியே 95 சதவீத அல்கஹோலில் அமிழ்த்த வேண்டும். காற்றில் காய விட்டால் செல் ஊதி, கரு மங்கி, நல்லதா கெட்டதா என்று பிரிக்க முடியாது. தகட்டின் சொரசொரப்பான ஓரத்தில் பெயரும் எண்ணும் பென்சிலால் எழுத வேண்டும், பேனை மை அல்கஹோலில் கரைந்து ஓடிவிடும். பார்த்து முடிவு சொல்ல ஒரு தகட்டில் குறைந்தது 8,000 செதிள் செல் தெளிவாகத் தெரிய வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் இரத்தமோ சீழோ மூடியிருந்தால் அதைத் திருப்பித்தான் அனுப்புவோம்.

பெயரில் ஒரு எச்சரிக்கை. தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, கூப்பிடுவது வேறு. தகட்டில் ஒன்றும் படிவத்தில் ஒன்றும் இருந்தால் ஆய்வுகூடம் ஏற்காது. அட்டையை நீட்டி "இதில் உள்ளபடி எழுதுங்க" என்று சொல்லச் சொல்லுங்கள்.

திருநம்பிகளுக்கு (பெண் என்று பிறப்பில் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) இரண்டு வரி பிரசுரத்தில் கட்டாயம் வேண்டும். கருப்பைக் கழுத்து இருக்கிறவரை அவர்களுக்கும் இது பொருந்தும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனைப் பாவித்தால் உள் சவ்வு மெலிந்துபோகும். அதனால் எடுக்கும்போது நோவு கூட, தகடும் பழுதாவது கூட. மெலிந்த செல் நுண்நோக்கியில் சில வேளை கடுமையான மாற்றம் போலவே தெரியும். படிவத்தில் "டெஸ்டோஸ்டிரோன் பாவிக்கிறார்" என்று எழுதியிருந்தால் பார்ப்பவர் அந்தக் கண்ணோடு பார்ப்பார், எழுதாவிட்டால் தேவையில்லாமல் பயமுறுத்தும் முடிவு போய்ச்சேரலாம். அட்டையில் ஆண் என்று மாற்றியவரின் பெயர் எந்தப் பெண்கள் பட்டியலிலும் வராது, அவர்தான் கேட்டுப் போக வேண்டும். அடையாளச் சிக்கலுக்கு ஊவாக்காற்று சொன்ன எஸ்.டி.டி. கிளினிக் வழி நல்லது.

எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை கிடைத்தால் அதையே எடுங்கள். அது செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. பெப்பை விடக் கூடுதலாகப் பிடிக்கும், காய்ந்த தகடு என்ற தொல்லையும் இல்லை. 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையில் களுத்துறை மாவட்டத்தில் முதலில் செய்து பார்த்தார்கள். உங்கள் எம்.ஓ.எச். பிரிவில் இப்போது எது நடக்கிறது என்று போனிலேயே கேட்கலாம். அதில் இன்னொரு வசதி, மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுக்க முடியும். மெல்லிய பஞ்சுக் குச்சியைச் சுமார் 5 சென்றிமீற்றர் உள்ளே விட்டு, 10 முதல் 30 நொடி சுற்றி, பக்கவாட்டில் வேறெங்கும் படாமல் குழாயில் போட்டு மூடுவது. ஸ்பெகுலம் இல்லை, படுக்கை இல்லை, மறைப்புக்குப் பின்னால் தனியே. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிற பி.சி.ஆர். முறையில் பார்த்தால் வைத்தியர் எடுத்த மாதிரிக்கு இது ஏறக்குறைய சமம். ஆணைப் பழகாத, பிறர் தொடுவதை விரும்பாத பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இது வர வேண்டும் என்று கேட்டு எழுதுவதற்கு இந்தக் குழுவே சரியான குழு.

கேட்காத ஒன்று: பங்கிட்டுப் பாவிக்கும் பொருளை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எச்.பி.வி. அல்கஹோலுக்கு எளிதில் சாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஆள் மாறும்போது புது ஆணுறை மாட்ட வேண்டும்.

ஊவாக்காற்று

ஊசி பற்றி ஒரு வரி சேருங்கள். 2017 முதல் 6ஆம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி, தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு. அன்றைக்கு 6ஆம் ஆண்டைத் தாண்டியிருந்தவர்களுக்குப் பாடசாலையில் அது கிடைக்கவில்லை, அதனால் இன்று 35, 45 வயதில் உள்ளவர்களுக்குப் பரிசோதனை ஒன்றுதான் காவல். ஊசி போட்ட பிள்ளைகளும் அந்த வயது வந்ததும் போகத்தான் வேண்டும்.

தேயிலைப்பூ

எல்லாருக்கும் நன்றி. பக்கம் நிறைந்துவிட்டது, ஒன்றரைப் பக்கம் ஆகப் போகிறது. இன்னும் ஒன்று மட்டும். முடிவு வரும்போது மிட்வைஃப் லயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தால் நாலு பேர் முன்னால் கையில் வாங்கணும். தோட்ட டிஸ்பென்சரிக்கு அனுப்பினால் அதைவிட மோசம், காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களம் முழுக்கத் தெரிந்துவிடும். இதற்கு என்ன செய்யலாம்? முடிவில் என்ன எழுதியிருந்தால் என்ன செய்யணும் என்றும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மேட்டுலயம்

டெஸ்ட் எடுத்த அன்னைக்கே, மேசையிலருந்து எறங்குனதும் சொல்லிறணும். "ரிசல்ட் வீட்டுக்கு அனுப்ப வேணாம், நானே இங்க வந்து எடுத்துக்குறேன்." உங்க போன் நம்பரக் குடுங்க, வீட்டு நம்பரோ அண்ணன் நம்பரோ வேணாம். கிளினிக் கார்டுல எழுதுன நம்பர போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. கார்ட லயத்துல வைக்கப் பயமா இருந்தா அந்த நம்பர் மட்டும் போதும், கொப்பியில தேடிப் புடிச்சிருவாங்க.

எத்தன கிழமையில வரும்னு அன்னைக்கே கேட்டு அந்த நாளக் குறிச்சிக்கிடுங்க. அந்த நாள் தாண்டியும் தகவல் இல்லன்னா போன் பண்ணணும். "ஒன்னும் சொல்லல, அப்ப நல்லாத்தான் இருக்கும்"னு நெனச்சி விட்டுறக் கூடாது. தகடு தொலஞ்சிருக்கலாம், நம்பர் மாறியிருக்கலாம்.

கண்ணாடித்தகடு

முடிவுக்கு:

"சாதாரணம்" என்றால் அடுத்தது 45 வயதில். "திருப்தியற்றது" என்றால் நோய் என்று அர்த்தமில்லை, தகடு பழுது, இரண்டு முதல் நாலு மாதத்துக்குள் மீண்டும் எடுக்க வேண்டும். "லேசான மாற்றம்" என்றால் அவர்கள் சொல்கிற நாளில் மறுபரிசோதனை, பலருக்கு அது தானே மாறிவிடும். "கடுமையான மாற்றம்" என்றால் பெரிய ஆஸ்பத்திரியின் கொல்போஸ்கொப்பி கிளினிக்குக்குத் துண்டு கொடுப்பார்கள். அங்கே 3 முதல் 5 சதவீத அசெற்றிக் அமிலத்தைக் கழுத்தில் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு துணுக்கு எடுப்பார்கள். கடுமையான மாற்றம் புற்றுநோய் அல்ல, அதற்கு முந்திய படி. அந்த இடத்தை மட்டும் கம்பி வளையத்தால் செதுக்கி எடுத்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும், கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

உறவுக்குப் பின் இரத்தம், தீட்டுக்கு இடையில் இரத்தம், தீட்டு நின்ற பிறகு இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல், இவை இருந்தால் வெல் வுமன் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரியின் பெண் நோயியல் கிளினிக். பெப் முடிவு போன மாதம் நல்லதாக வந்திருந்தாலும் போக வேண்டும்.

ஊவாக்காற்று

கொல்போஸ்கொப்பிக்குப் போகும்போது "கூட யாரு வந்திருக்கா, புருஷன் எங்க?" என்று கேட்பார்கள். 18 வயது தாண்டிய பெண்ணின் சிகிச்சைக்குக் கையொப்பம் அவளுடையதுதான், புருஷனுடையதோ அப்பாவுடையதோ தேவையில்லை. கூட வர ஆள் வேண்டும் என்றால் தோழி வரலாம். படிவத்தில் "உறவுமுறை" என்ற இடத்தில் "சிநேகிதி" என்று எழுதினால் போதும். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பராகவும் அவளுடையதையே கொடுக்கலாம்.

தேயிலைப்பூ

"சிநேகிதி" என்ற சொல்லையும் அந்த நாலு வசனத்தையும் அப்படியே பெட்டி கட்டிப் போடுகிறேன். சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்தில் கீழே தருகிறோம். மஸ்கெலியா, அம்பகமுவ எம்.ஓ.எச். ஆபிஸ்களில் கிளினிக் நாளைக் கேட்டு எழுதக் கடைசிப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. லிந்துலைப் பக்கம் யாராவது கேட்டுச் சொன்னால் அதையும் சேர்த்துவிடலாம்.